முத்துக்குளித்துறையில் விசுவாசம்: கொடுத்தவர்களும் காத்தவர்களும்

கேள்வி

தமிழகத்தின் தென்கரையில் கிறித்தவம் வேர்பிடித்த வரலாறு பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் சொல்லப்படுகிறது. திருவிழா மலர்களிலும் பங்கு வரலாறுகளிலும் அது புனித சவேரியாரின் வரலாறு: அவர் வந்தார், மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டினார், புதுமைகள் செய்தார், கரை முழுவதும் மனந்திரும்பியது. கல்விப்புல ஆய்வுகளில் அது ஓர் அரசியல் உடன்பாட்டின் வரலாறு: முத்துக்குளிப்பு உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்த பரதவர்கள் போர்த்துக்கீசியரின் படைப் பாதுகாப்பை நாடினார்கள், அதற்கு விலையாகத் திருமுழுக்குப் பெற்றார்கள். இரண்டுக்கும் ஆவணச் சான்று உண்டு. ஆனால் இரண்டாலும் ஒரு கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. பாதுகாப்புத் தருவதாகச் சொன்ன போர்த்துக்கீசியர் 1658இல் தூத்துக்குடியை டச்சுக்காரரிடம் இழந்தார்கள். சவேரியாரோ இக்கரையில் ஏறக்குறைய இரண்டே ஆண்டுகள்தான் பணியாற்றினார். உடன்பாட்டின் ஒரு தரப்பு மறைந்தபின்னும், போதகர் போய் ஒரு நூற்றாண்டு கடந்தபின்னும், வேம்பார் முதல் மணப்பாடு வரையிலான ஊர்கள் ஏன் கத்தோலிக்க ஊர்களாகவே நின்றன?

விசுவாசத்தை ஊருக்குள் நாள்தோறும் எடுத்துச் சென்றவர்கள் யார் என்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும் என்று கருதுகிறேன். கடலோரத்தில் மறைபரப்பைத் தொடங்கியவர்கள் வெளியார், செய்துமுடித்தவர்கள் அவ்வூர்க்காரர்கள். கணக்கப்பிள்ளைகள், செபம் கற்ற சிறுவர்கள், பட்டங்கட்டிகள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குருவைத் தேடி நடந்த பெற்றோர் ஆகியோரின் உழைப்பு அது. அதனாலேயே அந்த விசுவாசம் ஊரின் பலத்தை மட்டுமின்றி ஊரின் குற்றங்களையும் சேர்த்தே சுமந்தது. இந்த இரண்டாம் பகுதியை நம் கிறித்தவ வரலாற்று நூல்கள் அவசரமாகக் கடந்துவிடுகின்றன.

திருமுழுக்கும் உடன்பாடும்

பதினாறாம் நூற்றாண்டுப் பரதவரை இன்றைய ஏழை மீனவராக மட்டும் நினைத்துக்கொள்வது பிழை. அவர்களுள் மீன்பிடிப்போர் இருந்தனர். முத்தும் சங்கும் குளிப்போர், தோணி உடையோர், வணிகம் செய்வோர், துறைகளை ஆண்ட பட்டங்கட்டிகள் எனப் பல நிலையினரும் இருந்தனர். சமயத்திலும் அவர்கள் வெற்றிடத்தில் இல்லை. திருவிளையாடற் புராணத்தின் வலை வீசின படலத்தில் உமையம்மை பரதவர் தலைவனின் மகளாக வளர்கிறாள். இறைவனே வலைஞனாக வந்து அவளை மணக்கிறான். இறைவியைத் தம் குலமகளாகக் கண்ட மரபு உடைய ஒரு சமூகம்தான் 1530களில் மதம் மாறியது.

மாற்றத்துக்கான உடனடிக் காரணம் தெளிவு. முத்துக்குளிப்பின் வருவாய் தொடர்பாகப் பரதவருக்கும் கடலோர முஸ்லிம் வணிகர்களுக்கும் பகை முற்றியிருந்தது. ஒரு பரதவரின் காது அறுக்கப்பட்டதில் கலவரம் மூண்டதாகச் சேசு சபையினர் பிற்காலத்தில் எழுதிய வரலாறுகள் கூறுகின்றன. அப்போது பரதவருக்கு வழி சொன்னவர் ஜுவாவோ த குரூஸ் என்ற குதிரை வணிகர். மலபாரைச் சேர்ந்த அவர் லிஸ்பன் சென்று கிறித்தவரானவர். தென்னாட்டு அரசர்களுக்குக் குதிரை விற்கும் தொழிலில் அவருக்குச் சொந்த நலனும் இருந்தது. பட்டங்கட்டிகள் கொச்சிக்குத் தூது சென்று அங்கேயே திருமுழுக்குப் பெற்றார்கள். பின்னர் போர்த்துக்கீசியக் கப்பற்படையோடு வந்த குருக்கள் 1536–37இல் ஊர் ஊராகத் திருமுழுக்குக் கொடுத்தார்கள். இருபதாயிரம் பேர் என்பது வழக்கமாகத் தரப்படும் எண். 1538இல் வேதாளையில் போர்த்துக்கீசியர் பெற்ற கடற்போர் வெற்றி இந்த ஏற்பாட்டை உறுதிசெய்தது.

இதுவரை, உடன்பாடு என்னும் விளக்கம் சரியாகவே பொருந்துகிறது. சவேரியாரே அதற்குச் சாட்சி. கரைக்கு வந்த சில வாரங்களில், 1542 அக்டோபர் 28ஆம் நாள், தூத்துக்குடியிலிருந்து அவர் எழுதிய கடிதம் இக்கேள்விக்கு மிக முக்கியமான ஆவணம். திருமுழுக்குப் பெற்றவர்களிடம் என்ன நம்புகிறீர்கள் என்று கேட்டால், தாங்கள் கிறித்தவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை என்கிறார். நிலம் வறண்டது, ஊர்கள் ஏழ்மையானவை என்பதால் போர்த்துக்கீசியர் யாரும் அங்கே வசிக்கவில்லை என்றும் எழுதுகிறார். சவேரியாரின் கடிதங்களை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். ஐரோப்பாவில் ஆர்வத்தைத் தூண்டி ஆள் சேர்க்கும் நோக்கமும் அவற்றில் உண்டு. ஆனால் இந்த வாக்குமூலம் எழுதியவருக்கோ அவருடைய திருச்சபைக்கோ பெருமை சேர்ப்பதாக இல்லை. அதனாலேயே அதை நம்பலாம்.

அதே காலத்து வேறு சில நிகழ்ச்சிகளுக்கு உடன்பாட்டு விளக்கம் போதாது. 1544 நடுவில் சவேரியார் வடுகர் என்று குறிப்பிடும் படையினர் கரையூர்களைச் சூறையாடினார்கள். மக்கள் குமரிமுனையை அடுத்த கடற்பாறைகளில் ஏறிப் பசியிலும் தாகத்திலும் கிடந்தார்கள். உணவும் நீரும் ஏற்றிய தோணிகளோடு புறப்பட்ட சவேரியார் எதிர்காற்றால் அவர்களை அடைய முடியாமல் தவித்ததை அவர் கடிதங்களே காட்டுகின்றன. வாக்களித்த பாதுகாப்பு அங்கே இல்லை. துறையிலிருந்த போர்த்துக்கீசிய அதிகாரியின் கொள்ளையைப் பற்றியும் அவர் கசப்போடு எழுதுகிறார். அதே ஆண்டில் மன்னாரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற கடலோர மக்களை யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொன்றான். அறுநூறு பேர் என்று மரபு கூறுகிறது. மதமாற்றத்தை அரசத் துரோகமாகவே சங்கிலி பார்த்திருப்பான். அது அக்கால அரசியல். ஆனால் மடிந்தவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால், உடன்பாட்டால் அவர்களுக்குக் கிடைத்த பயன் ஒன்றுமில்லை. பயனைக் கருதி மட்டுமே வந்தவர்கள் பயன் பொய்த்த முதல் ஆண்டுகளிலேயே விலகியிருக்க வேண்டும். கரை விலகவில்லை.

மனப்பாடம்

சவேரியாரின் முறையைக் குறைசொல்வது எளிது. அவருக்குத் தமிழ் தெரியாது. பிறர் மொழிபெயர்த்ததை ஒப்பித்தார். மக்களையும் ஒப்பிக்க வைத்தார். இனஸ் ஜுப்பனோவ் போன்ற ஆய்வாளர்கள் அந்த மொழிபெயர்ப்பின் தடுமாற்றங்களை விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். ஆயினும் 1544 ஜனவரி 15ஆம் நாள் கொச்சியிலிருந்து அவர் எழுதிய நீண்ட கடிதத்தைக் கவனித்துப் படித்தால், அந்த ஒப்பித்தலுக்குள் யார் யார் வேலை செய்தார்கள் என்பது புலப்படும்.

முதலில் மொழிபெயர்ப்பு. கோவாவிலிருந்து அவரோடு வந்த மூன்று இளைஞர்கள் இக்கரையைச் சேர்ந்தவர்கள். இரு மொழியும் அறிந்தவர்கள். அவர்களும் ஊரில் விவரம் தெரிந்தவர்களும் கூடி உட்கார்ந்துதான் சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை ஆகியவற்றைத் தமிழாக்கினார்கள். அடுத்தது பரவல். சவேரியார் மணியடித்துக்கொண்டு தெருவில் நடந்து சிறுவர்களைச் சேர்த்தார். அவர்கள் கற்றதை வீட்டில் தாய் தந்தையருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கற்பிக்கச் சொன்னார். ஞாயிறுதோறும் ஊர் முழுவதும் கூடிச் செபங்களைச் சேர்ந்து சொல்லியது. பிரமாணத்தின் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நம்புகிறீர்களா என்று அவர் கேட்பார்; மார்பில் கைகளைக் குறுக்காக வைத்து நம்புகிறோம் என்று எல்லாரும் சொல்வார்கள். நோயாளிகளின் வீட்டுக்கு அழைப்பு வந்து தன்னால் போக இயலாதபோது சிறுவர்களையே அனுப்பினார். அவர்கள் போய்ச் செபம் சொன்னார்கள்.

இந்தக் கடைசிச் செய்தியை நான் பெரிதும் மதிக்கிறேன். குரு இல்லாத இடத்தில் குருவின் வேலையை ஊர்ப்பிள்ளைகள் செய்தார்கள். எழுதப்படிக்கத் தெரியாத பெரும்பான்மையினருக்குச் செபம் வாய்மொழியாகவே வந்தது. வாய்மொழியாக வந்தது குடும்பத்துக்குள் தங்கியது. கடல்தொழிலுக்கும் அது ஏற்றதாக இருந்தது. இரவு வலைக்குப் போகிறவர்களும் சூரைக்கும் சாளைக்கும் வெவ்வேறு நேரங்களில் தோணி இறக்குகிறவர்களும் மணிக்கணக்கு வைத்து வகுப்பில் உட்கார முடியாது. மனப்பாடமான செபத்தைத் தோணியிலும் சொல்லலாம்.

அந்த முறைக்கு ஒரு கொடிய பக்கமும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. பழைய தெய்வங்களை வணங்கும் பெற்றோரைச் சிறுவர்கள் காட்டிக்கொடுத்ததையும், அந்த உருவங்களை அவர்களைக்கொண்டே உடைக்க வைத்ததையும் சவேரியார் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். கள், சாராயம் குடிக்கும் பெண்களுக்குச் சிறையும் தண்டமும் விதிக்கும்படி தன் துணைவர் மன்சில்லாசுக்கு எழுதிய கடிதமும் இருக்கிறது. மறைக்கல்வியும் ஊர்க்கட்டுப்பாடும் தொடக்கத்திலேயே ஒன்றாகப் பின்னப்பட்டுவிட்டன. அந்தப் பிணைப்பின் பின்விளைவுகளுக்குப் பிறகு வருகிறேன்.

கணக்கப்பிள்ளைகள்

ஓர் ஊரைவிட்டுப் புறப்படும்போது சவேரியார் செபங்களின் ஓர் எழுத்துப்படியை அங்கே வைத்துவிட்டுப் போவார். எழுதத் தெரிந்தவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். விழா நாள்களில் ஊரைக் கூட்டிச் செபம் சொல்லுவிக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அந்தப் பொறுப்பாளரே கணக்கப்பிள்ளை. கோயில் கணக்கு அவர் கையில். செபம் அவர் வாயில். சாகும் நிலையில் இருக்கும் குழந்தைக்கு அவரே திருமுழுக்குக் கொடுத்தார். திருமண ஓலை படித்தல், பிறப்பு இறப்பைக் குருவுக்கு அறிவித்தல் எல்லாம் அவர் வேலை. பின்னாளில் உபதேசியார், கோயில்பிள்ளை என்ற பெயர்களில் இப்பொறுப்பு பிரிந்து தொடர்ந்தது.

இவர்களுக்கான ஊதியத்தை நிலைப்படுத்த சவேரியார் போராடினார். முத்துக்குளித்துறை வருவாயிலிருந்து போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த நாலாயிரம் பணத்தைக் கணக்கப்பிள்ளைகளுக்குத் திருப்பிவிடும்படி அவர் அரசியிடம் கேட்டுப் பெற்றார். இச்செய்தி வழக்கமாக ஒரு சுவையான துணுக்காகவே சொல்லப்படுகிறது. அதன் பொருளாதாரம் யோசிக்கத்தக்கது: அந்தப் பணம் பரதவர் மூச்சடக்கிக் குளித்தெடுத்த முத்திலிருந்து வந்தது. லிஸ்பனின் கொடையாகப் பதிவான தொகை, உண்மையில் தம் பிள்ளைகளின் மறைக்கல்விக்குப் பரதவரே தந்த தொகை.

சேசு சபை ஆவணங்களில் ஐரோப்பியக் குருக்களின் பெயர்கள் நிறைந்திருக்கின்றன. கணக்கப்பிள்ளைகளின் பெயர்கள் அரிதாகவே வருகின்றன. ஜார்ஜ் ஷூர்ஹம்மர் எழுதிய சவேரியாரின் பெரும் வாழ்க்கை வரலாறு ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு ஊரையும் தேடிப் பதிவுசெய்கிறது; அதிலும் இந்த ஊழியர்கள் பின்புலத்திலேயே நிற்கிறார்கள். 1554இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ் மறைக்கல்வி நூலைத் தொகுத்தவர்கள் வின்செந்தே நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா த குரூஸ் என்னும் மூவர். போர்த்துக்கல் சென்று தங்கியிருந்த இந்தியக் கிறித்தவர்கள் அவர்கள். தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கத்தில் இவர்களுக்கு உரிய இடத்தை நம் பாடநூல்கள் இன்னும் தரவில்லை.

அண்டிரிக்கும் அச்சும்

1547இல் கரைக்கு வந்த அண்டிரிக் அடிகளார், 1600இல் இறக்கும்வரை தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இங்கேயே கழித்தார். யூத வழித்தோன்றல் என்ற காரணத்தால் பிரான்சிஸ்கன் சபை அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. சேசு சபைக்கு வந்தவர். மொழிபெயர்ப்பாளர் வழியாக ஒப்புரவு கேட்பது பயனற்றது என்று கண்டு தமிழைக் கற்றார், இலக்கணம் எழுதினார், பழைய செபங்களின் பிழைகளைத் திருத்தினார். 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம். இந்திய எழுத்தில் அச்சேறிய முதல் நூல் அது. அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வந்தது; 1586இல் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ‘அடியார் வரலாறு’. அச்சுக்கான செலவைப் பரதவர்கள் திரட்டிக் கொடுத்தார்கள். புன்னைக்காயலில் 1550 வாக்கில் அமைந்த மருத்துவமனையும் அவர்களுடைய பணத்தில் நடந்ததுதான்.

அச்சு நூல்கள் எத்தனை வீடுகளை அடைந்தன என்பதில் மிகைப்படுத்த வேண்டியதில்லை. கரையில் படிக்கத் தெரிந்தவர்கள் சிலரே. நூல்களின் உண்மையான பயன் வேறிடத்தில் இருந்தது: கணக்கப்பிள்ளையின் கையில் ஒரு நிலையான பாடம் கிடைத்தது. ஊருக்கு ஊர் வேறுபட்ட செபங்கள் ஒன்றுபட்டன. வேம்பாரில் சொல்லும் செபத்தையே மணப்பாட்டிலும் சொல்ல முடிந்தது. திருமணத்தாலும் தொழிலாலும் பிணைந்திருந்த ஏழு கடல்துறைகளுக்கு அது பெரிய செய்தி. சமயம் கரை முழுவதற்கும் பொதுவான பேச்சாயிற்று.

டச்சுக்காரர் காலம்

1658இல் ரைக்லாஃப் வான் கூன்ஸ் தலைமையில் டச்சுப் படை தூத்துக்குடியைக் கைப்பற்றியது. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கோயில்கள் டச்சுக் கம்பெனியின் பயன்பாட்டுக்குப் போயின. சீர்திருத்தத் திருச்சபையின் போதகர் பிலிப்பஸ் பால்தேயுஸ் தூத்துக்குடியில் போதித்தார். அவர் 1672இல் வெளியிட்ட நூல் தன் தோல்வியை ஒப்புக்கொள்கிறது: பரதவர்கள் அவருடைய போதனைக்கு வரவில்லை, பிள்ளைகளைத் திருமுழுக்குக்காக உள்நாட்டிலிருந்த கத்தோலிக்கக் குருக்களிடம் கொண்டுபோனார்கள்.

எழுதியவர் எதிர்த்தரப்பினர். அவருக்குப் பரதவரைப் புகழ வேண்டிய தேவை எதுவும் இல்லை. 1542இல் தாங்கள் கிறித்தவர்கள் என்பதற்கு மேல் ஏதும் சொல்லத் தெரியாதிருந்த மக்களின் நான்காம் ஐந்தாம் தலைமுறை, ஆளும் கம்பெனியின் சமயத்தை மறுத்துக் கைக்குழந்தையோடு நாயக்கர் ஆட்சிப் பகுதிக்குள் நடந்தது. உடன்பாடு என்ற விளக்கத்தின்படி அவர்கள் புதிய காவலரின் சமயத்துக்கு மாறியிருக்க வேண்டும். முன்னோர் செய்ததாகச் சொல்லப்படுவதும் அதைத்தானே.

கடலுக்கு அப்பால் இதற்கு ஓர் ஒப்பீடு கிடைக்கிறது. யாழ்ப்பாணப் பகுதியிலும் அதே டச்சுக் கம்பெனி, அதே பால்தேயுஸ். அங்கே பதவிக்கும், திருமணப் பதிவுக்கும், சொத்துரிமைக்கும் சீர்திருத்தத் திருச்சபையின் திருமுழுக்கு வாயிலாக இருந்தது. பள்ளிகளின் பதிவேடுகளில் பெயர்கள் பெருகின. 1795–96இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் நீங்கியதும் அந்தப் பெருந்தொகை கரைந்துபோயிற்று. பதிவேட்டால் வளர்ந்த கிறித்தவத்துக்கும் வீட்டுச் செபத்தால் வளர்ந்த கிறித்தவத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. இலங்கையின் கத்தோலிக்கரும் குரு இல்லாமலே ஒரு தலைமுறைக்காலம் காத்திருந்தார்கள். கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் அடிகளார் 1687இல் தூத்துக்குடியிலிருந்து கூலியாள் வேடத்தில் அவர்களைத் தேடிச் சென்றார்.

பரதவரின் உறுதிக்குப் பக்தி மட்டுமே காரணம் என்று நான் வாதிடவில்லை. மார்கஸ் விங்க் டச்சு ஆவணங்களிலிருந்து காட்டுவதுபோல, கம்பெனிக்குக் குளிப்பவர்கள் தேவைப்பட்டார்கள். அவர்களைக் கூட்டிக்கொடுக்கப் பரதவர் முழுவதற்கும் தலைவரான ஜாதித் தலைவரும் பட்டங்கட்டிகளும் தேவைப்பட்டார்கள். மிகவும் நெருக்கினால் மக்கள் துறையைவிட்டே போய்விடுவார்கள். ஆகவே கம்பெனி காலப்போக்கில் விட்டுக்கொடுத்தது. தலைவர்களின் அதிகாரமோ கோயிலோடு பின்னியிருந்தது. கத்தோலிக்கத்தை விடுவது அவர்களுக்குத் தம் முதன்மையை விடுவதாகும். சூசன் பெய்லி 1989இல் வெளியான தம் நூலில் வைக்கும் வாதம் இங்கே வலுவானது: திருமுழுக்கு பரதவரை ஒரு சாதியாக இறுக்கியது, தூத்துக்குடியின் பனிமய மாதா அந்தச் சாதியின் காவல் தெய்வமானாள், ஜாதித் தலைவர் ஒரு சிற்றரசரைப்போல் மாதாவின் விழாவை நடத்தினார். டச்சுக்காலத்தில் மாதா சிலையை உள்நாட்டுக்குக் கொண்டுசென்று காத்ததாக நிலவும் வழிவழிச் செய்தியும், 1806இல் ஜாதித் தலைவர் செய்தளித்த தங்கத்தேரும் அந்த வாதத்துக்கு அரண்.

பெய்லியோடு நான் வேறுபடும் இடம் ஒன்று. தலைவர்களின் கௌரவத்தைக்கொண்டு விழாவை விளக்கலாம், தேரை விளக்கலாம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்காணிப்புக்குத் தப்பி நடந்த ஒரு குளிகாரர் குடும்பத்தை அதனால் விளக்க முடியவில்லை. அந்தக் குடும்பத்துக்குத் தங்கத்தேரில் பங்கு குறைவு. பிள்ளை திருமுழுக்கு இல்லாமல் இறந்துவிடுமோ என்ற கவலையில் பங்கு முழுமை. பால்தேயுஸின் குறிப்பு அந்தக் கவலையைத்தான் பதிவுசெய்திருக்கிறது.

கடலின் அச்சம்

மறைக்கல்வி நூல்களில் கடல் மிகக் குறைவாகவே வருகிறது. சுறாவுக்கும் சுழிக்கும் திடீரென்று மாறும் கச்சான் காற்றுக்கும் அந்த நூல்களில் விடை இல்லை. மக்கள் தங்கள் விடையைத் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள். முத்துக்குளிப்பு தொடங்கும்முன் சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் சொல்லும் கடல்கட்டிகள் இல்லாமல் குளிகாரர்கள் நீரில் இறங்கமாட்டார்கள். ஆங்கிலேய அரசும் அவர்களுக்கு ஊதியம் கொடுத்தது. அந்தப் பரம்பரைத் தொழிலைத் தம் காலத்தில் நடத்திய தலைவர் ஒரு ரோமன் கத்தோலிக்கர் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், இலங்கையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் வியப்போடு எழுதுகிறார். இதைப் போலி மனமாற்றத்தின் அடையாளமாகப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. குருவானவர் கரையில் நிற்கிறார். பல பாகம் ஆழத்தில் மூச்சடக்கி இருப்பவன் தன் பயத்துக்குக் கிடைத்த எல்லாத் துணையையும் பற்றிக்கொள்கிறான். குமரிக் கரையின் மீனவச் சமூகமான முக்குவரின் பெண்களிடையே களப்பணி செய்த கல்பனா ராம், மாதாவும் நாட்டார் தெய்வமான இசக்கியும் ஒரே உடலில் எதிரெதிராக இறங்குவதை 1991இல் வெளியான நூலில் விவரிக்கிறார். அங்கே மாதா குணப்படுத்துகிறாள், இசக்கி வதைக்கிறாள். பழைய தெய்வம் மறையவில்லை, இடம் மாறியிருக்கிறது.

ஊரும் சாதியும் கோயிலும்

ஊர் விசுவாசத்தைக் காத்தது என்றால், ஊரின் படிநிலைகளையும் அந்த விசுவாசம் காத்தது. மேல்நிலையினரான மேசைக்காரர், மீன்பிடிப்போரான கம்மாரக்காரர் என்ற பிரிவு பரதவருக்குள் திருமுழுக்குக்குப் பின்னும் தொடர்ந்தது. கோயிலில் இடம், விழாவில் மரியாதை, மண உறவு எல்லாவற்றிலும் அது வெளிப்பட்டது. பேட்ரிக் ரோச் 1984இல் வெளியிட்ட நூல் இந்தச் சமூக அமைப்பை விரிவாகச் சொல்கிறது. ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ நூலில் காட்டும் பொதுவான உண்மை கடலோரத்துக்கும் பொருந்தும்: சாதியைக் கரைக்க வந்த திருமுழுக்கைச் சாதி தன்னுடையதாக்கிக்கொண்டது. ஒரு சாதியின் மாதாவாகிவிட்ட மாதாவைப் பக்கத்து ஊரின் வேறு சாதிக் கிறித்தவர் எப்படி அணுகுவது என்ற கேள்வி இன்னும் தீரவில்லை.

கோயில் நேரடியாகவே ஊரின் மேலாளராகவும் ஆனது. குமரிக் கரை ஊர்களில் மீன்பாட்டிலிருந்து கோயிலுக்கு ஒரு பங்கு குத்தகையாக எடுக்கப்பட்டதையும், அதைக் கொடுக்க மறுத்து மீனவர்கள் குருக்களோடு மோதியதையும் அஜந்தா சுப்பிரமணியன் 2009இல் வெளியான நூலில் ஆராய்கிறார். குருக்களை எதிர்த்தவர்கள் விசுவாசத்தைவிட்டு விலகியவர்கள் அல்லர்; தாங்கள் கிறித்தவர்கள் என்பதாலேயே நீதி கேட்டார்கள். தூத்துக்குடி மறைமாவட்டம் உருவாகி அதன் முதல் ஆயராகப் பரதவரான திபூர்சியஸ் ரோச் பொறுப்பேற்றது 1923இல். முதல் திருமுழுக்குக்கும் அதற்கும் இடையே ஏறக்குறைய நானூறு ஆண்டுகள். டச்சுக்காலத்தில் குரு இல்லாமலே தன் சமயத்தைக் காத்த சமூகத்துக்கு அதன் சொந்த ஆயரைத் தர இத்தனை காலம் எடுத்துக்கொண்டது கத்தோலிக்கத் தலைமையின் பெருங்குறை.

இன்றைய கரை

இன்று கடலோர ஊர்களில் மறைபரப்பு என்றால் பெந்தகோஸ்து செபக்கூட்டங்களே நினைவுக்கு வருகின்றன. குடியை விட்ட ஆண்கள், நோய் தீர்ந்ததாகச் சாட்சி சொல்லும் பெண்கள், வீட்டுக்கூடத்தில் கூடும் சிறு குழு என அவை வளர்கின்றன. சவேரியார் காலத்து முறையின் கூறுகள் பல அங்கே தென்படுகின்றன: வீடு, நோயாளிக்கான செபம், சாதாரண மனிதர்களின் பேச்சு. பங்குக் கோயில்களில் கணக்கப்பிள்ளையின் இடம் சுருங்கி நிர்வாகம் பெருகிய இடைவெளியில்தான் அவை இடம்பிடித்தன என்று கருதுகிறேன்.

அங்கே போகும் குடும்பங்களைச் சில ஊர்களில் ஊர்விலக்குச் செய்கிறார்கள். பேச்சு நிற்கிறது, கல்லறையில் இடம் மறுக்கப்படுகிறது, தொழிலிலும் கூட்டு முறிகிறது. ஊர்விலக்குக்குச் சொல்லப்படும் நியாயம் ஊர் ஒற்றுமை. டச்சுப் போதகரிடமிருந்து கரையைக் காத்ததும் அந்த ஒற்றுமைதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. 1658க்குப் பின் நடந்ததில் ஊரின் ஒற்றுமை இருந்தது. ஆளுவோர் சொன்ன சமயத்தை ஏற்க மறுத்த தனித்தனிக் குடும்பங்களின் மனச்சான்றும் இருந்தது. இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் மரபாகக் கொண்டாடினால், ஊர்க்கமிட்டி டச்சுக் கம்பெனியின் இடத்தில் போய் அமர்ந்துவிடுகிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கை, சமயத்தில் எவரையும் வற்புறுத்தக்கூடாது என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. அந்த அறிக்கை கத்தோலிக்கப் பங்குகளுக்கும் உரியது. ஊர்விலக்கு தீர்மானமாகும் கூட்டத்தில் விலக்கப்படும் குடும்பத்துக்காக முதலில் எழுந்து பேசவேண்டியவர் பங்குத்தந்தை. அவர் பேசாத ஊரில், பிள்ளைகளோடு உள்நாட்டுக்கு நடந்தவர்களின் வழிவந்த யாராவது ஒருவர் பேச வேண்டும்.